ரேடாருக்குத் தெரியாத விமானம்: யாருக்காக, யாருடைய செலவில்?

2025 ஜூன் 14 அன்று பிரிட்டிஷ் கடற்படைக்குச் சொந்தமான எஃப்-35பி ரகப் போர் விமானம் ஒன்று, தன் தாய்க்கப்பலான 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' விமானந்தாங்கிக்குத் திரும்ப இயலாமல், திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவசரமாகத் தரையிறங்கியது. மோசமான வானிலையும் எரிபொருள் குறைவும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இறங்கிய பிறகு அதன் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு கண்டறியப்பட்டது. பழுது நீக்க முடியாமல் தென்மேற்குப் பருவமழையில் மூன்று வாரங்கள் திறந்தவெளியில் நின்ற அந்த விமானம், ஜூலை 6 அன்று பிரிட்டனிலிருந்து தனி விமானத்தில் பொறியாளர் குழு வந்து சேர்ந்த பின்னரே கொட்டகைக்குள் இழுத்துச் செல்லப்பட்டது. ஜூலை 22 அன்றுதான் அது கிளம்பிச் சென்றது. ஊரை விட்டுப் போக மனமில்லாத விருந்தாளி என்று கேரள அரசாங்கத்தின் சுற்றுலாத் துறையே அதைக் கேலிச்சித்திரமாக்கி விளம்பரம் செய்தது. உலகின் மிக நவீனமான போர் விமானம் என்று விற்கப்படும் ஒன்றைக் கேரளத்துச் சாமானிய மக்கள் ஐந்து வாரங்களுக்கும் மேலாக வேடிக்கை பார்த்தார்கள்.

அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், பிப்ரவரி 13 அன்று, இதே எஃப்-35 விமானத்தை இந்தியாவிற்கு அளிக்க வழி திறக்கப்படுவதாக அமெரிக்க ஜனாதிபதி டொனால்டு டிரம்ப், பிரதமர் மோடியை அருகில் வைத்துக்கொண்டு வெள்ளை மாளிகையில் அறிவித்தார். அது முன்மொழிவு நிலையில்தான் இருக்கிறது என்று வெளியுறவுச் செயலாளர் அன்றே விளக்கமளிக்க வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மக்களவையில் அளிக்கப்பட்ட எழுத்துபூர்வ பதிலில், இது குறித்து முறையான பேச்சுவார்த்தை எதுவும் நடைபெறவில்லை என்று ஒன்றிய அரசாங்கம் கூறியது. அதே ஆகஸ்ட் மாதத்தில்தான் இந்தியப் பொருள்கள் மீது டிரம்ப் நிர்வாகம் விதித்த சுங்கவரி 50 சதவீதத்தைத் தொட்டது. எனினும் அக்டோபர் 31 அன்று கோலாலம்பூரில், அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒத்துழைப்பை மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டிக்கும் கட்டமைப்பு ஒப்பந்தத்தில் மோடி அரசாங்கம் கையெழுத்திட்டுவிட்டது. ஆகவே எஃப்-35 பற்றிய பேச்சு முடிந்துபோன ஒன்றாகக் கருதுவதற்கில்லை. இந்த ரக விமானங்கள் உண்மையில் என்ன, எதற்காக உருவாக்கப்பட்டவை, எதைக் கொடுத்து எதைப் பெறுகின்றன என்பதை உழைக்கும் மக்களின் இயக்கம் அறிந்துவைத்திருப்பது அவசியம். தொலைக்காட்சி விவாதங்களில் இவை மந்திரப் பொருள்களைப் போல் வருணிக்கப்படுகின்றன. மந்திரம் ஏதுமில்லை, இயற்பியலும் கணக்கும் பணமும்தான் உண்டு.

இதன் தொடக்கம் ஒரு மொழிபெயர்ப்பில் இருக்கிறது. சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்த்செவ், மின்காந்த அலைகள் ஒரு பொருளின் விளிம்புகளில் மோதும்போது எவ்வாறு சிதறுகின்றன என்பதைக் கணிக்கும் முறை குறித்து 1962இல் மாஸ்கோவில் ஒரு நூலை வெளியிட்டார். அதற்கு ராணுவ முக்கியத்துவம் ஏதும் இருப்பதாக அங்கே எவரும் கருதவில்லை. நூல் பகிரங்கமாகவே அச்சாயிற்று. 1971இல் அமெரிக்க விமானப்படையின் ஒரு பிரிவு அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது. சில ஆண்டுகள் கழித்து லாக்ஹீட் நிறுவனத்தின் கணிதவியலாளர் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அந்த மொழிபெயர்ப்பைப் படித்தார். ஒரு விமானத்தின் வடிவம் ரேடாரில் எவ்வளவு தெரியும் என்பதைக் கணிப்பொறியில் முன்கூட்டியே கணக்கிடலாம் என்று கண்டுகொண்டார். ஒரு சோசலிச நாட்டின் அறிவியலாளர் அறிவின் பொருட்டு எழுதியது, ஏகாதிபத்தியத்தின் மிக ரகசியமான ஆயுதமாக உருமாறியது. (நூலாசிரியரின் பெயராவது வரலாற்றில் நிற்கிறது, மொழிபெயர்த்தவரைப் பேசுவோர் எவருமில்லை.)

அடிப்படைக் கணக்கு எளியது. ரேடார் அனுப்பும் அலை விமானத்தில் பட்டுத் திரும்பினால்தான் அது தெரியும். எவ்வளவு தொலைவில் தெரியும் என்பது, திரும்பி வரும் எதிரொளிப்பின் நான்காம் படிமூலத்தைப் பொறுத்தது. அதாவது, எதிரொளிப்பை 16இல் ஒரு பங்காகக் குறைத்தாலும் கண்டறியும் தொலைவு பாதியாகத்தான் குறையும். அதைப் பத்தில் ஒன்றாக்க வேண்டுமானால் எதிரொளிப்பைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்க வேண்டும். ஆகையால், சிறு திருத்தங்களால் இங்கே பயனில்லை. விமானத்தின் ஒவ்வொரு அங்குலத்தையும் இந்த ஒரே நோக்கத்துக்குக் கீழ்ப்படுத்தியாக வேண்டும். முதலில் வடிவம், அலைகள் வந்த திசைக்கே திரும்பாமல் வேறெங்கோ சிதறும்படி விளிம்புகளும் பரப்புகளும் சாய்க்கப்படுகின்றன. அதற்குப் பிறகே அலைகளை உறிஞ்சும் பூச்சு. புலப்படாத விமானம் என்று சொல்வது பேச்சு வழக்கு. தாமதமாகப் புலப்படும் விமானம் என்பதே சரி.

இதற்குக் கொடுக்கும் விலை என்ன? 1981இல் முதன்முதலாகப் பறந்த எஃப்-117ஐப் பார்த்தால் விளங்கும். வளைந்த பரப்புகளைக் கணக்கிடும் திறன் அன்றைய கணிப்பொறிகளுக்கு இல்லாததால், வைரக்கல்லைப் பட்டை தீட்டியதுபோல் தட்டையான முகங்களை ஒட்டி அது கட்டப்பட்டது. காற்றுக்குப் பொருந்தாத அந்த வடிவம் கணிப்பொறியின் இடைவிடாத திருத்தம் இல்லாமல் நேராகப் பறக்கவே முடியாது. அதற்கு ரேடார் கிடையாது. ஏனெனில் ரேடாரை இயக்கினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஒலியின் வேகத்தை எட்டாது. ஏறத்தாழ 900 கிலோ எடையுள்ள குண்டுகள் இரண்டை வயிற்றுக்குள் சுமக்கும். இரவில் மட்டுமே போருக்குச் செல்லும். எதிரி விமானத்தோடு மோதும் ஆற்றல் அறவே இல்லாத இதற்கு, சண்டை விமானங்களுக்கு இடும் 'எஃப்' என்ற எழுத்தை அமெரிக்கா சூட்டியிருந்தது.

1999 மார்ச் 27 அன்று, யுகோஸ்லாவியா மீது நேட்டோ நடத்திய தாக்குதலின் நான்காம் நாள் இரவில், பெல்கிரேடுக்கு மேற்கே புட்யானோவ்ட்சி கிராமத்தருகே இந்த விமானங்களில் ஒன்று விழுந்தது. வீழ்த்தியது 1960களின் சோவியத் வடிவமைப்பான எஸ்-125 ஏவுகணை. இயக்கியது கர்னல் சோல்டான் டானியின் படைப்பிரிவு. அவர்கள் பயன்படுத்திய பழைய ரேடார், சுமார் இரண்டு மீட்டர் நீள அலைகளில் இயங்குவது. நவீன ரேடார்களின் மூன்று சென்டிமீட்டர் அலைகளை ஏமாற்றுவதற்காகச் செதுக்கப்பட்ட வடிவம், விமானத்தின் வால் பகுதியளவே நீளமுள்ள அலைகளுக்கு முன் தன் வித்தையை இழந்துவிடுகிறது. நீண்ட அலைகளால் விமானம் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால், எந்தத் திசையில் தேடுவது என்று தெரிந்துவிட்டால், பயிற்சியும் பொறுமையும் உள்ள படைவீரர்களுக்கு அதுவே போதுமானதாயிற்று. கர்னல் டானி ஓய்வுபெற்ற பின் ரொட்டிக்கடை நடத்தினார்.

அடுத்து வந்த எஃப்-22, வளைந்த பரப்புகளைக் கணக்கிடும் திறன் பெற்ற கணிப்பொறிகளின் குழந்தை. வேகம், திருப்பும் ஆற்றல், மறைவு எல்லாவற்றையும் ஒன்றாகத் தர முயன்ற விமானம் அது. வான்சண்டையில் சோவியத் விமானங்களை வெல்வதற்கென்று திட்டமிடப்பட்டது. அது படையில் சேர்ந்த 2005இல் சோவியத் யூனியனே இல்லை. 750 விமானங்கள் என்று தொடங்கிய திட்டம், செலவு தாளாமல் 187 போர்ப் பயன்பாட்டு விமானங்களோடு நின்றது. வெளிநாடுகளுக்கு விற்பதை அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் தடுத்துவைத்திருக்கிறது. வான்சண்டைக்கென்றே பிறந்த இந்த விமானம் வானில் வீழ்த்திய முதல் இலக்கு, 2023 பிப்ரவரி 4 அன்று தெற்கு கரோலினா கடலோரத்தில் மிதந்துவந்த சீன பலூன்.

எஃப்-35இன் கதை வேறு. இங்கே சமரசங்களைத் தீர்மானித்ததில் இயற்பியலுக்கு நிகரான பங்கு ஆயுத நிறுவனங்களின் சந்தைக்கும் உண்டு. விமானப்படை, மரைன் படை, கடற்படை ஆகிய மூன்றுக்கும் ஒரே விமானம் என்ற திட்டம் 2001 அக்டோபரில் லாக்ஹீட் மார்ட்டினுக்குக் கிடைத்தது. மரைன் படைக்கான ரகம் செங்குத்தாக இறங்க வேண்டும். அதற்கு விமானியின் இருக்கைக்குப் பின்னால் பெரிய மின்விசிறி போன்ற ஓர் அமைப்பு தேவை. அந்த ஒரு தேவை மூன்று ரகங்களின் உடலையும் பருக்க வைத்தது. ஒற்றை எஞ்சின், ஒலியைப்போல் 1.6 மடங்கு வேகம். முந்தைய தலைமுறை விமானங்கள் பல அதைவிட வேகமானவை. மறைவைக் காப்பாற்ற ஆயுதங்கள் அனைத்தும் வயிற்றுக்குள் இருக்க வேண்டும். அங்கே இரண்டு பெரிய குண்டுகளுக்கும் இரண்டு ஏவுகணைகளுக்கும்தான் இடம். கூடுதலாகச் சுமக்க இறக்கைகளில் தொங்கவிட்டால் ரேடாருக்குத் தெரிந்துவிடும். அப்போது அது விலை உயர்ந்த ஒரு சாதாரண விமானம்.

ஆனால் இதன் பலத்தை மறைப்பதும் சரியன்று. தானே அதிகம் ஒலிபரப்பாமல், சுற்றிலுமுள்ள ரேடார் சமிக்ஞைகளையும் வெப்பத்தையும் உணர்ந்து, பல கருவிகளின் தகவலை ஒரே சித்திரமாக்கி விமானிக்குத் தருவதிலும், பிற விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் அதைக் கடத்துவதிலும் எஃப்-35 முன்னணியில் நிற்கிறது. பழைய பாணியில் வாலைத் துரத்தும் சண்டை அதன் வேலையல்ல. எதிரியின் வான்பாதுகாப்பு விழித்துக்கொள்ளும் முன் உள்ளே நுழைந்து, ரேடாரையும் ஏவுகணைத் தளத்தையும் அழித்து, பின்னால் வரும் படைக்குக் கதவு திறப்பதே அதன் வேலை.

ரஷ்யாவும் சீனாவும் இதே சமன்பாட்டுக்கு வேறு விடைகளைத் தேடியிருப்பது கவனத்திற்குரியது. 2010இல் முதன்முதலாகப் பறந்த ரஷ்யாவின் சு-57, பின்புற மறைவை ஓரளவு விட்டுக்கொடுத்து வேகத்தையும் திருப்பும் ஆற்றலையும் வைத்துக்கொண்டது. 2011இல் பறந்த சீனாவின் ஜே-20 நீண்ட உடலும் நிறைய எரிபொருளும் கொண்டது. எரிபொருள் நிரப்பும் விமானங்களையும் பறக்கும் ரேடார் விமானங்களையும் தொலைவிலேயே குறிவைப்பதற்கு ஏற்ற வடிவம் என்று ராணுவ நோக்கர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்தத் துணை விமானங்கள் இல்லையேல் பசிபிக் பெருங்கடலைத் தாண்டி வந்து சீனக் கடலோரத்தைத் தாக்க அமெரிக்கப் போர் விமானங்களால் இயலாது. தன் வாசலில் வந்து நிற்கும் கப்பற்படையை எதிர்கொள்ளும் நாடும், உலகெங்கும் படைத்தளம் வைத்திருக்கும் நாடும் ஒரே மாதிரியான விமானத்தைக் கட்டுவதில்லை.

இந்த விமானங்கள் இதுவரை எங்கே பயன்பட்டன என்ற பட்டியல் இதை உறுதிப்படுத்துகிறது: 1989இல் பனாமா, 1991இலும் 2003இலும் இராக், 1999இல் யுகோஸ்லாவியா, பின்னர் சிரியா, காசா, ஈரான். அமெரிக்காவையோ இஸ்ரேலையோ படையெடுப்பிலிருந்து காப்பதற்காக இவை எங்கும் போரிட்டதில்லை. 1991 பிப்ரவரி 13 அதிகாலையில் பாக்தாதின் அமிரியா பதுங்கிடத்தின் மீது எஃப்-117கள் வீசிய இரண்டு குண்டுகள் 400க்கும் மேற்பட்ட பொதுமக்களை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும், கொன்றன. 2024 ஜூலையில் பாதுகாப்பான பகுதி என்று இஸ்ரேலே அறிவித்திருந்த காசாவின் அல்-மவாசியில் பெருங்குண்டுகள் வீசப்பட்ட தாக்குதலில் எஃப்-35 பயன்பட்டதை டென்மார்க் ஊடகங்கள் வெளிக்கொணர்ந்தன. காசாவின் மீது பறக்க மறைவு எதற்கு? அங்கே ரேடார் ஏது?

எஃப்-35 ஒரு விமானம் மட்டுமல்ல, ஒரு வலைப்பின்னலும்கூட. பாகங்கள் பல நாடுகளில் உருவாகி, உதிரிபாகங்கள் பொதுக் கிடங்குகளின் வழியே சுற்றி வருகின்றன. நெதர்லாந்திலிருந்து இஸ்ரேலுக்கு அவற்றை அனுப்பக் கூடாது என்று 2024 பிப்ரவரி 12 அன்று ஹேக் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அந்நாட்டு அரசாங்கம் உச்சநீதிமன்றத்துக்கு ஓடியது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனின் தொழிற்கட்சி அரசாங்கம் இஸ்ரேலுக்கான ஆயுத உரிமங்கள் சுமார் 30ஐ நிறுத்திவைத்தது. ஆனால் எஃப்-35 உதிரிபாகங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஒரு நாட்டை நிறுத்தினால் வலைப்பின்னல் முழுவதும் பாதிக்கும் என்பது அது சொன்ன காரணம். இனப்படுகொலைக்கு எதிரான மனசாட்சி, உதிரிபாகக் கிடங்கின் வாசலில் நின்றுவிட்டது.

இந்த வலைக்குள் நுழைந்த நாட்டின் இறையாண்மை என்னவாகும் என்பதற்குத் துருக்கியே சான்று. திட்டத்தில் பங்காளி, நூற்றுக்கணக்கான பாகங்களைத் தயாரித்துத் தந்த நாடு, நேட்டோ உறுப்பினர். ரஷ்யாவின் எஸ்-400 வான்பாதுகாப்பு அமைப்பை வாங்கிய ஒரே குற்றத்துக்காக 2019 ஜூலையில் அது வெளியேற்றப்பட்டது. அதே எஸ்-400ஐ 543 கோடி டாலருக்கு வாங்க 2018 அக்டோபரில் ஒப்பந்தமிட்ட நாடு இந்தியா. இன்று நாட்டின் வான்பாதுகாப்பின் முதுகெலும்பே அதுதான். எஃப்-35 உள்ளே வர வேண்டுமானால் அதன் ரகசியங்களை அருகிலிருந்து அளந்து பார்க்கக்கூடிய எஸ்-400 வெளியே போக வேண்டும் என்ற நிபந்தனை எந்த நாளில் முன்வைக்கப்படும் என்பது மட்டுமே கேள்வி. பழுதுபார்ப்பும் மென்பொருளும் உதிரிபாகமும் அமெரிக்காவின் கையில் இருக்கும். இவற்றில் சுயேச்சையான உரிமைகளைப் பேரம் பேசிப் பெற்றது இஸ்ரேல் ஒன்றுதான்.

செலவைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசாங்கப் பொறுப்புடைமை அலுவலகமே கூறியிருக்கிறது. ஆயுட்காலப் பராமரிப்புக்கான மதிப்பீடு 2018இல் 1.1 லட்சம் கோடி டாலராக இருந்தது, 2023இல் 1.58 லட்சம் கோடி டாலராக உயர்ந்தது. கொள்முதலையும் சேர்த்தால் மொத்தத் திட்டச் செலவு 2 லட்சம் கோடி டாலரைத் தாண்டுகிறது. இந்தியாவின் 2025-26 பாதுகாப்பு பட்ஜெட்டான 6.81 லட்சம் கோடி ரூபாயைப் போல் ஏறத்தாழ 25 மடங்கு. இத்தனைக்கும் பிறகு, 2023 மார்ச் மாதக் கணக்கின்படி பணிக்குத் தயார் நிலையில் இருந்த விமானங்கள் 55 சதவீதமே. மறைவுப் பூச்சைக் கீறாமல் ஒரு மூடியைத் திறந்து மூடுவதே தனி வேலை என்றால் வேறெப்படி இருக்கும்?

இந்திய விமானப்படைக்கு விமானங்கள் தேவையில்லை என்று எவரும் கூறவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று மிக்-21 விமானங்கள் ஓய்வுபெற்ற பின், 42 ஸ்குவாட்ரன்கள் இருக்க வேண்டிய இடத்தில் 29 மட்டுமே எஞ்சியிருக்கின்றன. 2025 மே மாத மோதலில் விமானங்கள் எல்லையைக் கடக்காமலேயே தொலைதூர ஏவுகணைகளால் சண்டையிட்டன. இழப்புகள் நேர்ந்ததை முப்படைத் தலைமைத் தளபதியே சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார். எத்தனை என்பதை அரசாங்கம் நாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த மோதலில் ஈடுபட்ட இரு தரப்பிலும் ஸ்டெல்த் விமானம் எதுவும் கிடையாது. ஏவுகணையின் வீச்சும், பறக்கும் ரேடார்களும், தகவல் இணைப்புமே அங்கே முக்கியமாக இருந்தன. இந்தப் படிப்பினை பளபளப்பான கொள்முதல் அறிவிப்புகளில் கரைந்துபோகக் கூடாது.

சொந்தமாகக் கட்டும் திறன் இந்த நாட்டுக்குப் புதிதன்று. பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) வடிவமைத்த 'மாருத்' 1961 ஜூன் 17 அன்று பறந்தது, 147 விமானங்கள் கட்டப்பட்டன. உடல் சிறப்பாக இருந்தும் அதற்கேற்ற எஞ்சின் கிடைக்காமல் ஒலிவேகத்தைத் தாண்டும் கனவு கைகூடவில்லை. அந்த ஒற்றைக் குறையை அறுபது ஆண்டுகளாகியும் ஆட்சியாளர்கள் தீர்க்கவில்லை. 1989இல் தொடங்கிய காவேரி எஞ்சின் தேஜஸ் விமானத்துக்குப் பொருந்தாமல் போனது. 2021இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் கேட்ட 99 எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்தது. எச்.ஏ.எல். கட்டிவைத்த விமான உடல்கள் அமெரிக்க எஞ்சினுக்காகக் காத்து நின்றபோது, தாமதத்துக்கான பழி மட்டும் பொதுத்துறையின் தலையில் விழுந்தது. நிர்வாகத்தின் குறைகள் இல்லாமலில்லை. தொழிற்சங்கங்களே அவற்றைச் சுட்டிக்காட்டி வந்திருக்கின்றன. ஆனால், தொடர்ச்சியான ஆர்டர் தராமல், ஆராய்ச்சிக்கு நிதி தராமல், பின்னர் திறமையின்மை என்று முத்திரை குத்துவது பழகிப்போன தந்திரம். 126 ரஃபேல் விமானங்களில் 108ஐ எச்.ஏ.எல். கட்டுவதற்கான பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே, 2015 ஏப்ரலில் பாரிசில் 36 விமானங்களை நேரடியாக வாங்குவதாகப் பிரதமர் அறிவித்ததை நாடு மறக்கவில்லை. ரஷ்யாவுடன் கூட்டாக ஐந்தாம் தலைமுறை விமானம் உருவாக்க 29.5 கோடி டாலரைச் செலவிட்ட பின், 2018இல் அதிலிருந்து விலகியதும் இதே அரசாங்கம்தான்.

இப்போது 'ஆம்கா' எனப்படும் உள்நாட்டு ஸ்டெல்த் விமானம். இரட்டை எஞ்சின், 25 டன் எடை; 2024 மார்ச்சில் அமைச்சரவைக் குழு வடிவமைப்புக்கும் மாதிரி விமானங்களுக்கும் 15,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. படையில் சேர 2035 ஆகிவிடும். முதல் ரகத்துக்கு மீண்டும் அமெரிக்க எஞ்சின். அடுத்ததற்கு பிரான்சின் சஃப்ரானுடன் கூட்டு. வடிவமைப்பு முழுவதும் பொதுப் பணத்தில், பொதுத்துறை விஞ்ஞானிகளால் நடைபெறுகிறது. ஆனால் 2025 மே 27 அன்று பாதுகாப்பு அமைச்சர் ஒப்புதல் அளித்த செயலாக்க முறையின்படி, உற்பத்தியில் எச்.ஏ.எல்.லும் தனியார் கார்ப்பரேட் குழுமங்களும் சமமாகப் போட்டியிடலாம். போர் விமானம் ஒன்றைக்கூட முழுமையாகக் கட்டியிராத நிறுவனங்களும், எண்பதாண்டு அனுபவமுள்ள நிறுவனமும் சமம். ஐம்பது ஆண்டுகளாகப் பொதுச் செலவில் திரட்டப்பட்ட அறிவு, கட்டணமின்றிக் கைமாறுவதற்கான ஏற்பாடு இது.

எஃப்-35 தொடர்பாக அமெரிக்க அரசாங்கத்துடன் எந்த மட்டத்தில் நடந்த பேச்சு எதுவானாலும், கோலாலம்பூர் ஒப்பந்தத்தின் முழு வாசகத்தோடு சேர்த்து, நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். எஸ்-400 குறித்து அளிக்கப்பட்ட உறுதிமொழி ஏதேனும் இருந்தால் அதுவும் வெளியிடப்பட வேண்டும். ஆம்கா உற்பத்தி எச்.ஏ.எல்.இடம் ஒப்படைக்கப்பட்டு, உள்நாட்டு எஞ்சினுக்கெனத் தனி நிதி பட்ஜெட்டில் ஒதுக்கப்பட வேண்டும். தனியார் ஏலத்துக்கு முன் அத்திட்டத்தின் தொழில்நுட்ப உரிமைகள் யாருக்குச் சொந்தம் என்பதைப் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு விசாரித்து அறிக்கை தர வேண்டும். இக்கோரிக்கைகளோடு பெங்களூரிலும் நாசிக்கிலும் கோராபுட்டிலும் உள்ள எச்.ஏ.எல். தொழிலாளர்களின் வாயிற்கூட்டங்களுக்குச் செல்வது கட்சி உறுப்பினர்கள் இப்போதே தொடங்க வேண்டிய பணி.